தலைவலிக்குக் கழுத்தை ‘எடுத்து விட’ச் சொல்கிறவர்களுக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் சின்னதாக ஒரு பிசியோதெரபி மையம் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் குனிந்தே வேலை பார்க்கிறவர்கள். தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் உட்காருகிறவர்கள், கடையில் நாள் முழுக்க பில் போடுகிற பெண்கள். முன்பெல்லாம் இடுப்பு, முட்டி என்றுதான் வருவார்கள். இப்போது கொஞ்ச காலமாக வேறு ஒரு கூட்டம். “தலைவலிங்க்கா. கழுத்தை டக்குனு ஒரு திருப்பு திருப்பினா சரியாப் போயிருமாம், வீடியோல பார்த்தேன்” என்று போனை நீட்டுகிறார்கள். வீடியோவில் யாரோ ஒருவர் தலையைப் பிடித்துத் திருப்புகிறார், மைக்கில் சத்தம் கேட்கிறது, படுத்திருப்பவர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார்.

அந்த வைத்தியத்துக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். அதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலிக்குக் கை வைத்தியம் உதவும். நானே தினமும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கழுத்தை யாரிடமாவது கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் செய்தாலே பாதிப் பேருக்கு அந்த ‘டக்’ தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

முதல் வேலை, கழுத்தைத் தொடவே கூடாத தலைவலியை ஒதுக்குவது. வாழ்நாளில் வராத அளவுக்கு, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வாய் குழறுவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது. தலையில் அடிபட்ட பிறகு வருவது. இதில் எது இருந்தாலும் 108ஐ அழையுங்கள், இல்லை நேராக அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி ஆரம்பித்து, தலை சீவினால் வலிக்கிறது, மென்றால் தாடை வலிக்கிறது என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்; அது ரத்தக் குழாய் வீக்கமாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும். கர்ப்பிணிகளுக்குக் கடுமையான தலைவலி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருமினால், குனிந்தால் அதிகமாகி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் வலிக்கும் மருத்துவர்தான்.

அவசரம் இல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு. ரத்த அழுத்தம் பாருங்கள். கண் பரிசோதனை செய்யுங்கள். நாற்பதைத் தாண்டிய தறிக்காரர் நூலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாவு பிணைக்கிறார் என்றால் அவருக்குக் கழுத்து வைத்தியத்துக்கு முன்னால் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டதும் தலை தானாக நிமிரும்.

சரி, இதெல்லாம் இல்லை. வலி கழுத்திலிருந்துதான் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடரியில், மண்டை ஓடு முடிந்து கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் பிடிக்கும். அங்கிருந்து மேலே ஏறி, காதுக்குப் பின்னால் வழியாகப் பொட்டுக்கோ, கண்ணுக்குப் பின்னாலோ வந்து நிற்கும். பெரும்பாலும் ஒரே பக்கம்தான். இன்றைக்கு இடம், நாளைக்கு வலம் என்று மாறாது. கழுத்தை ஒரு குறிப்பிட்ட விதத்தில் வைத்தால் வரும்: வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் திரும்பும்போது, போனைத் தோளில் இடுக்கிப் பேசும்போது, நெடுநேரம் குனிந்திருந்துவிட்டு எழும்போது. இதற்குப் பின்னால் ஒரு உடற்கூறு விஷயம் இருக்கிறது. கழுத்தின் மேல் மூன்று எலும்புகளை ஒட்டிய நரம்புகளும், நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே அழைப்பு மணி போட்ட மாதிரி. அடித்தது எந்த வீட்டுக்காரர் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. கழுத்து மூட்டு புகார் சொல்கிறது, மூளை அதை நெற்றி என்று எடுத்துக்கொள்கிறது.

ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் வேறு. அது துடிக்கும். வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, இருட்டறையில் போய்ப் படுக்கச் சொல்லும். மருந்தில்லாமல் விட்டால் நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீளும். குழப்பம் எங்கே என்றால், மைக்ரேன்காரர்களுக்கும் கழுத்து பிடிக்கும். அதனால் ‘கழுத்து வலிக்கிறது, ஆகவே கழுத்துத் தலைவலி’ என்று முடிவுகட்ட முடியாது. கழுத்தை அசைத்தால் தலைவலி கூடுகிறதா, ஒரு பக்கம் திரும்புவது குறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு மையத்தில் நான் செய்யும் சோதனை ஒன்று. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தலையை இரண்டு கையிலும் தூக்கி, தாடை நெஞ்சைத் தொடுகிற அளவுக்கு மடக்குவேன். மடக்கியபடியே இடமும் வலமும் மெதுவாகத் திருப்புவேன். கழுத்தின் கீழ்ப்பகுதி அப்படிப் பூட்டிக்கொண்டதும், திரும்புவது பெரும்பாலும் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான். நல்ல கழுத்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி போகும். முப்பதை ஒட்டி நின்றுவிட்டால், அதுவும் வலிக்கும் பக்கமே நின்றால், சந்தேகம் உறுதியாகிறது. ஒரு கொலுசுத் தொழிலாளிக்கு இப்படிப் பார்த்தபோது இடப்பக்கம் தடையில்லாமல் போனது, வலப்பக்கம் பாதியில் முட்டி நின்றது. “இதே இடந்தாங்க, இங்கதான் ஏறுது” என்று கையை எடுத்துத் தன் வலது புருவத்தைக் காட்டினார். அவர் பட்டறையில் ஊதுகுழலை வாயின் வலது ஓரத்தில் கவ்வி, சுடர் பார்க்க வலப்பக்கமே சாய்ந்து வேலை செய்கிறவர். பல வருடப் பழக்கம். புருவத்தில் தைலம் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் கறுத்தே போயிருந்தது.

வீட்டில் இதை யாரையாவது விட்டுச் செய்து பார்க்காதீர்கள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, நீங்களே இரண்டு பக்கமும் தோள்பட்டையைப் பார்க்கிற மாதிரி திரும்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் குறைகிறது, அந்தப் பக்கம்தான் தலையும் வலிக்கிறதா என்று கவனித்தால் போதும்.

அதோடு ஒரு கணக்கு எடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் தலைவலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். வட்டங்கள் அவ்வளவு இருந்தால் உங்கள் பிரச்சினை கழுத்து அல்ல. மாத்திரையைக் குறைக்க மருத்துவர் துணை வேண்டும். மெடிக்கலில் தினம் ஒரு அட்டை வாங்கிவிட்டு என்னிடம் வந்து கழுத்தைத் திருப்பு என்றால் நான் என்ன செய்ய?

இனி கைரோபிராக்டிக். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் முதுகெலும்பு நகர்ந்திருப்பதுதான் காரணம் என்று நம்பினார் அவர். இன்றைக்கு நல்ல கைரோபிராக்டர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. முதுகு, கழுத்து, அதிலிருந்து வரும் தலைவலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளிநாடுகளில் அதற்கென்று நீண்ட படிப்பும் உரிமமும் உண்டு. நம் நாட்டில் மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் இருப்பது போல கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டக் கவுன்சில் கிடையாது. பலகையில் அந்தப் பெயர் இருப்பதை மட்டும் பார்த்து உள்ளே போகாதீர்கள். முறையாக வெளிநாட்டில் படித்தவரும் பலகை வைக்கலாம், வார இறுதிப் பயிற்சிக்குப் போய்வந்தவரும் வைக்கலாம்.

சத்தத்தைப் பற்றி இரண்டு வரி. எலும்பு ‘இடத்தில் உட்காரும்’ சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில், மூட்டு சட்டென்று விலகும்போது காற்றுக் குமிழ் உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டைச் சொடுக்கவைத்து எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் வந்தால் வைத்தியம் பலித்தது, வராவிட்டால் பலிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. திருப்பிய பிறகு கொஞ்ச நேரம் கழுத்து இலேசாக இருக்கும், அது உண்மை. அந்த இலேசுக்கு ஆசைப்பட்டுத் தினமும் தானே கழுத்தைச் சொடுக்குகிற பையன்களைப் பார்க்கிறேன்.

உதவுமா என்றால், கழுத்துத் தலைவலிக்கு உதவும். 2002இல் ஆஸ்திரேலியாவில் க்வென்டலின் ஜல் என்ற பிசியோதெரபிஸ்ட் தலைமையில் 200 பேரிடம் ஆறு வாரம் சோதித்தார்கள். கையால் மூட்டுக்குக் கொடுத்த சிகிச்சையும் பலன் தந்தது, கழுத்துத் தசைப் பயிற்சியும் பலன் தந்தது, ஒரு வருடம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. நான் பயிற்சியை விடாமல் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்: வீட்டில் காசில்லாமல் செய்வது கையால் செய்வதற்கு ஏறக்குறைய சமமாக நிற்கும்போது, அதை முதலில் செய்வதில் என்ன குறை? மைக்ரேன் கதை வேறு. 2017இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் ஒரு பிரிவுக்கு உண்மையான கைரோபிராக்டிக்கும், இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி தோன்றும் போலிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் தலைவலி நாட்கள் குறைந்தன. அப்படியென்றால் குறைத்தது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கழுத்து எலும்புகளுக்குள் புகுந்து மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் இருக்கின்றன. வேகமாகத் திருப்பும்போது அரிதாக அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். மிக அரிது. சில சமயம் கிழிசல் முன்பே தொடங்கி, அந்த வலிக்காகத்தான் ஆள் வைத்தியத்துக்கே வந்திருப்பார் என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும், திருப்புவதற்கு முன்னால் இந்தத் தொடர்பை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014இல் அறிவுறுத்தியது. சலூனில் முடிவெட்டி முடித்து, கேட்காமலே தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு வெட்டு வெட்டுவார்களே, அங்கே யார் சொல்வது? தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள், சுகமாக இருக்கும். கை தாடைக்கு வந்ததும் “கழுத்து வேண்டாம்ணா” என்று சொல்லிவிடுங்கள். சுளுக்கு எடுப்பவர்களிடமும் அதே பேச்சுதான்: தோளை உருவிவிடட்டும், கழுத்தைத் திருக வேண்டாம்.

கைரோபிராக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ, யாரிடம் போனாலும் முதல் நாள் நிறையக் கேள்வி வர வேண்டும். ரத்த அழுத்தம், தலைசுற்றல், எலும்புத் தேய்மானம், முடக்குவாதம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, பழைய விபத்து எல்லாம் கேட்க வேண்டும். கை கால் பலம் பார்க்க வேண்டும். நீங்களும் கேளுங்கள்: எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? என் தலைவலி கழுத்திலிருந்து வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வேகமாகத் திருப்பாமல் மெதுவாகச் செய்யும் முறை உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் இருக்க வேண்டாம். மூட்டை மெல்ல மெல்ல அசைத்துவிடும் முறை உண்டு, சத்தமே வராது, பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். பார்த்த உடனே “இருபது சிட்டிங், முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்றாலும் எழுந்து வந்துவிடலாம்.

வீட்டில் செய்ய நான் கொடுப்பது முக்கியமாக இரண்டு பயிற்சி.

ஒன்று, தலையாட்டுவது. மல்லாக்கப் படுத்து, தலைக்கு அடியில் துண்டை மெலிதாக மடித்து வையுங்கள். தலையைத் தூக்காமல், “ஆமா” என்று சின்னதாகச் சொல்வது போல் தாடையை மட்டும் கீழே இறக்குங்கள். பிடரி நீளுவது தெரியும். அப்படியே பத்து விநாடி, பிறகு தளர்த்துங்கள். பத்து முறை. ஒரு கையைக் கழுத்தின் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கயிறாகத் தசை எழுந்தால் அதிகமாக அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். ஆண்கள் இதில்தான் சொதப்புவார்கள், ஜிம்மில் செய்கிற மாதிரி முறுக்குவார்கள். வேலை செய்ய வேண்டியது உள்ளே எலும்பை ஒட்டி இருக்கும் சின்னத் தசைகள். காலையும் இரவும் செய்யுங்கள்.

இரண்டு, துண்டை வைத்துத் திரும்புவது. நியூசிலாந்துக்காரர் பிரையன் மல்லிகன் உருவாக்கிய முறைகளில் ஒன்று. நம் ஈரிழைத் துண்டு இதற்கு நன்றாக ஒத்துவரும். வலப்பக்கம் திரும்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். துண்டின் விளிம்பைப் பிடரியில், மண்டை ஓட்டுக்குக் கொஞ்சம் கீழே பதியுங்கள். இரண்டு முனையும் முன்னால் வரும். இடக் காதின் கீழாக வரும் முனையை வலக்கையால் பிடித்துக் கன்னத்தின் குறுக்கே, கண்ணின் உயரத்துக்கு முன்னால் இழுங்கள். மற்ற முனையை இடக்கையால் நெஞ்சோடு அமுக்கிப் பிடியுங்கள், துண்டு நழுவாமலிருக்க. இப்போது துண்டு இழுக்கும் திசையிலேயே தலையை வலப்பக்கம் திருப்புங்கள். முடிந்த இடத்தில் மூன்று விநாடி, பிறகு திரும்பி வாருங்கள். இரண்டு தடவை போதும், காலை, மாலை. இலேசாக இழுபடலாம், வலிக்கக் கூடாது. வலித்தால் துண்டின் இடத்தை ஒரு விரல் அளவு மேலோ கீழோ மாற்றுங்கள். தலை சுற்றினால் இந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு முன்னால் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து தோளுக்கும் பிடரிக்கும் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். சூட்டை முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.

இதெல்லாம் செய்துவிட்டு எட்டு மணி நேரம் பழையபடி குனிந்தால் பயனில்லை. தலை நாலரை, ஐந்து கிலோ எடை. கொலுசுப் பட்டறையில் என்றால் வேலைப் பலகைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தச் சொல்வேன். பொருள் நெஞ்சு உயரத்துக்கு வரட்டும். குழித்தறியை உயர்த்த முடியாது. அதனால் தறிக்காரர்களுக்கு வேறு வழி: நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, தோளைப் பின்னால் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிய வேண்டும். கடிகாரம் பார்த்து ஓய்வெடு என்றால் யாரும் கேட்பதில்லை, கூலி போய்விடும் என்பார்கள். தார் மாற்றும்போது எப்படியும் கை நிற்கத்தானே வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே மிளகு பறிக்கிறவர்கள் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, அண்ணாந்தே நிற்கிறார்கள். இவர்கள் கழுத்து பின்னால் மடங்கியே இருப்பதால் அதே மேல் மூட்டுகள் நசுங்குகின்றன. ஏணியை இன்னும் இரண்டு படி ஏறி, பறிக்கும் சரம் கண்ணுக்கு நேரே வரும்படி நில்லுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. சோம்பல்பட்டுக் கீழே நின்று எட்டிப் பறிப்பதில்தான் வினை. வார இறுதியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி இறங்கிவிட்டுத் திங்கட்கிழமை தலைவலியோடு வருகிற கல்லூரிப் பையன்களுக்கும் இதே கோளாறுதான். குனிந்து ஓட்டும் பைக்கில் உடம்பு முன்னால் படுத்திருக்கும், ரோட்டைப் பார்க்கத் தலை மட்டும் அண்ணாந்திருக்கும், மேலே ஹெல்மெட் வேறு. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். அடிவாரம் வரும் வரை காத்திராமல் நடுவில் நிறுத்தி இறங்குங்கள்.

தலையணை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. விலை உயர்ந்த ‘கழுத்துத் தலையணை’ தேவையில்லை. ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும், மல்லாக்கப் படுத்தால் அதைவிடத் தணிவாக இருக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் பஞ்சு கட்டிபட்டிருந்தால் வெயிலில் போட்டு அடித்து, கொஞ்சம் எடுத்தோ சேர்த்தோ உயரத்தைச் சரிசெய்யலாம். கவிழ்ந்து படுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இரவு முழுக்கக் கழுத்து ஒரே பக்கம் திருகியிருக்கும்.

கை வைத்தியம் செய்துகொண்ட அன்றும் மறுநாளும் கழுத்து கொஞ்சம் கனமாக, அடித்துப் போட்ட மாதிரி இருப்பது சகஜம். ஆனால் தலைசுற்றல், விழுங்கச் சிரமம், பார்வை மங்கல், நடை தள்ளாட்டம், இதுவரை அறியாத கூர்மையான கழுத்துவலி இவற்றில் எது வந்தாலும், செய்துவிட்டவருக்குப் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆறு வாரம் கழித்துக் காலண்டரை எடுத்துக் கோடுகளை எண்ணுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் தலையாட்டும் பயிற்சியை நாளுக்கு ஒரு வேளையாகத் தொடரலாம், என்னைப் போன்றவர்களிடம் வரத் தேவையில்லை. குறையவே இல்லை என்றால் மேலும் மேலும் கழுத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அந்தக் காலண்டர் தாளையே கிழித்து எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்கும் முதல் நான்கு கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.